இத்தாலி டீப்பாயில் இருந்த உன் அம்மா

மகனே,

தங்கை பிள்ளையை ஊரில் மருமகன் என்பார்கள். சபையில் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நீ தவழ ஆரம்பிக்கும் முன்பே உன் அம்மா பேச்சி காய்ச்சலில் போய்விட்டாள். உன் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு வடக்கே போனார். நீ என் தோளில் வளர்ந்தவன். அதனால் கடிதத்தில் மட்டும் மகனே என்று எழுதிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே மாமா என்று கேட்பாய். போனை எடுத்தால் என் வாய் தானாக ஜோடிக்க ஆரம்பித்துவிடுகிறது. கையால் எழுதினால் அத்தனை வேகமாக ஜோடிக்க வராது. எட்டாம் வகுப்போடு நின்ற கை. அந்த எட்டாம் வகுப்பிலும் தமிழில் நான்தான் முதல். எங்கள் வாத்தியாரே என் விடைத்தாளைப் பார்த்துத்தான் தன் கையெழுத்தைத் திருத்திக்கொண்டார் என்று ராஜபாளையத்தில் இன்றைக்கும் பேச்சு உண்டு.

அடுத்த மாதம் கனடாவில் உனக்குக் கல்யாணம். தாலி கட்டும் முன் பெற்றவர்கள் காலில் விழ வேண்டும். பெற்றவள் இல்லாவிட்டால் அவள் படத்துக்கு மாலை போட்டு, அந்தப் படத்தை விழுந்து கும்பிட வேண்டும். கடல் தாண்டிப் போயும் நீ இந்த வழக்கத்தை விடவில்லை, அதில் எனக்குப் பெருமைதான். படம் தயார், ஆளுயரத்துக்குப் பிரேம் போட்டாயிற்று என்று எனக்கும் அனுப்பினாய். பட்டுச் சேலை, முழங்கால் வரை பின்னல், எலுமிச்சை நிறம், முத்துமாதிரி வரிசைப் பல். ‘மாமா, அம்மா இப்படித்தானே இருந்தாங்க?’ என்று கேட்டாய். நான் பார்த்த மாத்திரத்தில் ‘அச்சு அசல் அவளேதாம்லே’ என்று தட்டி அனுப்பிவிட்டேன். கூடவே கும்பிடுகிற கை பொம்மையும் நாலு போட்டேன். மகனே, அது உன் அம்மா இல்லை. அந்தப் பொம்பளை யார் என்றே எனக்குத் தெரியாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லிவிட்டேன். எப்படி இப்படி ஆனது என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த இத்தாலி டீப்பாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மில் கெஸ்ட் ஹவுஸ் முழுக்க என் பொறுப்பில் இருந்த காலம் அது. பொறுப்பு என்றால் சமையல், பாத்திரம், படுக்கை விரிப்பு எல்லாமே. அங்கே கூடத்தில் அந்த டீப்பாய் கிடந்தது. முதலாளியின் அப்பா இத்தாலிக்கு மெஷின் வாங்கப் போனபோது ஆசைப்பட்டு வாங்கி, மெஷின் வந்த பெட்டியிலேயே வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தது. முழங்கால் உயரம்கூட இருக்காது. மான் கால் மாதிரி மெலிந்து, வெளிப்பக்கம் சரிந்த கால்கள். மேலே வட்டக் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மரச் சட்டங்கள், வலை பின்னியதுபோல. கெஸ்ட் ஹவுஸை இடித்தபோது ஆளாளுக்குக் கட்டிலையும் பிரிட்ஜையும் கேட்டு வாங்கிப் போனார்கள். இந்தக் குள்ள மேஜையை வைத்துச் சாப்பிடவும் முடியாது, எழுதவும் முடியாது என்று ஒருவரும் சீந்தவில்லை. நான் தலையில் தூக்கிக்கொண்டு வந்தேன். உன்னிடம் மட்டும், இத்தாலி ராஜா என் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் பரிசாகக் கொடுத்தது என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “மாமா, இத்தாலில ராஜாவே கெடயாதாம்” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய். “நான் கொழம்பு வச்ச அன்னைக்கு இருந்தாருலே, பொறவுதான் எடுத்துட்டாங்க” என்றேன். நீ நம்பினாய். நான் எதைச் சொன்னாலும் நீ நம்புவாய். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

புது மெஷின் மாட்ட ஓர் இத்தாலிக்காரர் வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவர்தான் உன் அம்மாவைப் படம் எடுத்தவர். பேச்சி அப்போது நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தாள். மெஷின் முதன்முதலில் ஓடிய அன்று அந்தப் பிரிவுப் பெண்களை ஒவ்வொருவராக மெஷின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். அடுத்த தடவை வரும்போது பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சிக்கு ஒன்று கிடைத்தது. அவளுடைய கல்யாண ஆல்பம் உன் அப்பா வீட்டில் மாட்டிக்கொண்டது. நான் எத்தனையோ முறை கேட்டுப்போயும் திரும்பி வரவில்லை. ஆக, உலகத்தில் பேச்சி என்று ஒருத்தி இருந்ததற்கு அந்த ஒரு படம்தான். அதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று நான் யோசித்து யோசித்து, டீப்பாய்ச் சட்டத்துக்கு மேல் ஒரு ப்ளைவுட் பலகை வெட்டிப் போட்டு, அதன்மேல் படத்தை வைத்து, கண்ணாடியால் மூடினேன். கூடவே உன் முதல் மொட்டைப் படம், நான் முதலாளியோடு நிற்கும் படம். நம் பக்கத்தில் கண்ணாடி மேஜை வாங்கினவன் எவன் படம் வைக்காமல் விட்டிருக்கிறான்? வருகிறவன் காப்பி குடிக்கக் குனிந்தாலே நம் குடும்பம் தெரிய வேண்டும்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டியைக் கழுவுவார்கள். நான் டீப்பாயையும் முற்றத்தில் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். பிறகு துடைத்து, நாலு காலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பேச்சி நெற்றிக்கு நேராகக் கண்ணாடி மேலும் ஒரு பொட்டு. நீதான் அந்தப் பொட்டை வைப்பாய். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் கசிந்துபோன தண்ணீர் வெளியே வர வழியில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வருஷா வருஷம் ஊறி, காய்ந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் பூஞ்சை ஏறியது. அது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்ததால் தினமும் பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. மேலும், அந்த டீப்பாய் முன் உட்கார்ந்தவர்களுக்கு நான் வாயால் அவளைக் காட்டிக்கொண்டே இருந்தேன். ‘என் தங்கச்சி மாதிரி அழகி இந்த ஜில்லாவிலே கெடயாது’ என்று தொடங்கினால் அவர்கள் டம்ளர் காலியாகும்வரை விட மாட்டேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அவள் பின்னல் இடுப்புவரை இருந்தது. நீ பத்தாவது படிக்கும்போது முழங்காலைத் தொட்டுவிட்டது. நீ கேட்கக் கேட்க, நான் வளர்த்துக்கொண்டே போனேன். தாயில்லாப் பிள்ளைக்கு ஒரு மாமன் வேறு என்னத்தைக் கொடுப்பான்?

அன்றைக்கு வீடியோவில் நீ கட்டிக்கொள்ளப்போகிற ஷாலினி அந்த டீப்பாயைப் பார்த்துவிட்டு ஆடிப்போய்விட்டாள். இது பழைய இத்தாலி வேலைப்பாடு, பெரிய வடிவமைப்பாளர் போட்ட மாதிரி, இப்போதெல்லாம் கண்ணிலேயே பார்க்க முடியாது என்றாள். “அங்கிள், அந்தப் பலகைய எடுத்துருங்க. அதுக்குக் கீழ இருக்குற மரச்சட்டம்தான் அதோட அழகே” என்றாள். படித்த பெண், கெட்டிக்காரி, சரியாகத்தான் சொன்னாள். டீப்பாய் உங்கள் புது வீட்டுக்கு வேண்டும் என்றாய், சந்தோஷமாகச் சரி என்றேன். அதோடு அம்மா படம் ஒன்று மேடைக்கு வேண்டும் என்றாய். கண்ணாடி மேலேயே போனை வைத்து எடுத்து அனுப்பினேன். “மாமா, முகம் இருக்குற எடத்துல வெள்ளையா ஒரு திட்டுதான தெரியுது?” என்றாய். அப்போதுதான் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் உற்றுப் பார்த்தேன். நீ சொன்னது நிஜம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “ஸ்ரீவில்லிபுத்தூர்ல நம்ம ஆளு ஒருத்தன் ஸ்டூடியோ வச்சிருக்கான்லே, செத்தவனையே எந்திரிச்சு உக்கார வச்சுப் படம் எடுப்பான்” என்றேன்.

கண்ணாடியையும் பலகையையும் பிரிக்காமல், இரண்டு ஜமுக்காளம் சுற்றி, லோடு ஆட்டோவில் பின்னால் நானும் உட்கார்ந்து மடியில் தாங்கிக்கொண்டு போனேன். தேரடிப் பக்கம் அந்த ஸ்டூடியோ. ஸ்டூடியோக்காரன் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அண்ணாச்சி, இது கண்ணாடியோட ஒண்ணாப் போச்சே. இப்படியே வச்சுக் கும்புட்டுற வேண்டியதுதான.”

“எலே, மாப்பிள்ளைக்குக் கல்யாணம். மேடைல வைக்கணும். டீப்பாய் கப்பல்ல போய்ச் சேருறதுக்குள்ள அவன் தாலியே கட்டிருவான்.”

“நான் கைய வச்சுக் கெட்டுப்போச்சுன்னா என்னையத்தான வைவீக?”

“ஒன்னைய ஏன் வையப்போறேன்? இத்தாலிக்காரனே என்னைக் கேட்டுக்கேட்டுத்தான் மெஷின் மாட்டுனான், தெரியும்ல? ஒரு போட்டோ எனக்குப் பெருசா?”

“அப்போ நீங்களே செய்யுங்க அண்ணாச்சி, நான் கூட நிக்கேன். யூடியூப்ல ஒருத்தன் தண்ணில ஊறப்போட்டு எடுக்கான், பாத்திருக்கேன்.”

இரண்டு பேரும் சேர்ந்து அந்த வீடியோவைப் பார்த்தோம். அதில் வெள்ளைக்காரன் ஒருத்தன் லாவகமாக உரித்து எடுத்தான். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அகலமான அண்டா ஒன்று இரவல் வாங்கினோம். பலகை தனியாகக் கழன்றுவிட்டது, படம் கண்ணாடியோடு நின்றது. செத்த நேரம் ஊறியதும் தாள் மெதுவாக நெகிழ்ந்தது. “வருது அண்ணாச்சி, வருது!” என்று அவன் குதித்தான். நான் ஓரத்தைப் பிடித்து உரித்தேன். தாள் வந்தது. வெறும் வெள்ளைத் தாள். படம் கண்ணாடியிலும் இல்லை, தாளிலும் இல்லை. காய்ச்சின பாலின் மேல் ஏடு மிதக்குமே, அப்படித் தண்ணீரில் மிதந்தது. அதில் மெஷின் ஒரு பக்கம், அவள் கை ஒரு பக்கம், நூல் கட்டை பிடித்த விரல்கள். முகம் வெளுப்புக்கு நடுவே ஒரு நிழல்போல. ‘பேச்சி’ என்று விரலால் தொட்டேன். கலைந்துவிட்டது. அவ்வளவுதான். ஸ்டூடியோக்காரன், “மனச விட்றாதீக அண்ணாச்சி” என்று காப்பி வாங்கிக்கொடுத்தான். தண்ணீரை எங்கே கொட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் வாசலில் நின்ற அரளிச் செடிக்கு ஊற்றினோம்.

உனக்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? மதுரையிலிருந்து நிபுணர் வந்திருக்கிறார், வேலை நடக்கிறது என்றேன். நீ பொறுத்துப் பார்த்தாய். பிறகு நான் போனில் எடுத்து அனுப்பிய அந்த வெள்ளைத் திட்டுப் படத்தையும், சின்ன வயதிலிருந்து நான் சொல்லி வந்த கதைகளையும் கம்ப்யூட்டரில் கொடுத்து, அம்மாவை நீயே செய்துவிட்டாய். முழங்காலைத் தொடுகிற பின்னல், எலுமிச்சை நிறம், முத்துப் பல். ஒன்று விடாமல் நான் சொன்னபடியே அது செய்து கொடுத்திருக்கிறது. அது உன் அம்மாவை வரையவில்லை மகனே, என் வாயை வரைந்திருக்கிறது.

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் கொடுமை. கொஞ்சம் கூடுதல் அழகு, அவ்வளவுதானே, அவளேதான் என்றே நினைத்தேன். அந்தப் படத்தைக் காட்டிப் பெருமை அடிக்கத்தான் சுந்தரபாண்டியத்துக்குப் பஸ் ஏறினேன். மாரியம்மாக்கா அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள். பேச்சியோடு ஒரே ஷிப்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். போனை நீட்டினேன். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பார்த்தாள்.

“யாருலே இது? சினிமாக்காரியா?”

“நம்ம பேச்சிதான்க்கா. கனடாவுல மாப்ள செஞ்சது.”

“ஏலே, போலே! பேச்சி என்னைய விடக் கறுப்பு. முடி தோளுக்குக் கீழ ஒரு சாண் இருக்கும். மில்லுல பஞ்சு ஒட்டுதுன்னு கொண்டை போட்டே கெடப்பா.” மறுபடி பார்த்தாள். “பல்லு எங்க?”

“அதான் இருக்கே, வரிசையா.”

“அதத்தான் சொல்லுதேன். அவளுக்கு இந்தப் பக்கத்துப் பல்லு ஒண்ணு மேல ஏறி நிக்குமே. சிரிச்சா டக்குன்னு கையக் கொண்டுபோயி மூடிக்கிடுவா. நாங்க அவளச் சிரிக்க வைக்கவே படாத பாடு படுவோம். கூடப் பொறந்தவனுக்கு அதுகூடவா ஞாபகம் இல்ல?”

இல்லை மகனே. ஞாபகம் இல்லை. அவள் சொன்ன பிறகு, சொன்னாளே என்பதற்காக நானும் யோசித்துப் பார்த்தேன். தெற்றுப்பல். கையை வாய்க்குக் கொண்டுபோகிற பேச்சி. எனக்கு வரவில்லை. முத்துப் பல், முத்துப் பல் என்று நானே சொல்லிச் சொல்லி, அந்தப் பல்லை நானே பிடுங்கிவிட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு என் தங்கையைக் கூப்பிட்டேன். வந்தது உன் கம்ப்யூட்டர் பெண்தான். பட்டுச் சேலை சரசரக்க வந்து நின்று, வரிசைப் பல் தெரியச் சிரித்தது. அன்றிலிருந்து எப்போது நினைத்தாலும் அதுதான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீயே யோசித்துக் கண்டுபிடித்துவிடுவாய், உனக்கு மூளை உண்டு. உனக்கும் அப்படி ஒரு பல் இருந்தது. மேலே, வலது பக்கம். பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று நீ பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாய். உன்னை மதுரைக்குக் கூட்டிப்போய்க் கம்பி கட்டினது நான். ஜனாதிபதிக்கே பல் பார்த்த டாக்டர் என்று தெரு முழுக்கச் சொன்னேன். கம்பி கழற்றின அன்று உன்னைக் கண்ணாடி முன் நிறுத்தி, “இப்பத்தாம்லே அப்படியே ஒங்கம்மா மாதிரி இருக்க” என்று சொன்னேன். மாரியம்மாக்கா சொன்னதிலிருந்து அந்த வாக்கியம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் சின்ன வயதுப் படங்களை எல்லாம் தேடி எடுத்துப் பார்த்தேன், அந்தப் பல்லாவது எதிலாவது தெரியுமா என்று. கம்பி கட்டும் முன் எடுத்த அத்தனை படத்திலும் நீ வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறாய்.

மாமன் கையால் மாலை வாங்கித்தான் மணவறை ஏற வேண்டும். ஆனால் எனக்கு விசா கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வந்தால் கனடாவையே பேசி விலைக்கு வாங்கிவிடுவேன் என்று பயந்திருப்பார்கள். உன் கல்யாணத்துக்கென்று தைத்த கோட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். மேடையில் அந்தப் படத்தை என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே. எடுத்துவிடு என்று சொன்னால் உனக்கு அங்கே வைக்க ஒன்றும் இல்லை. வைத்துக்கொள் என்று சொன்னால் யாரோ ஒருத்தியை விழுந்து கும்பிடுவாய். வெறும் நாற்காலியில் மாலையை மட்டும் போடலாம், பார்க்கிறவர்கள் ஏதாவது நினைப்பார்கள். எதைச் செய்தாலும் பேச்சி வரப்போவதில்லை. நான் சொல்வதை நம்பு என்று உன்னிடம் கேட்கவும் எனக்கு இப்போது வக்கில்லை. கறுப்பு, தோள்முடி, கொண்டை, ஏறின பல் என்பதெல்லாம்கூட மாரியம்மாக்கா சொல்லக் கேட்டு எழுதுவதுதான்.

புத்தி சொல்ல நான் யார்? ஆனாலும் பெரியவன் எழுதின கடிதத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் எதையாவது கேட்டால், இருப்பதை மட்டும் சொல்லு. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு. கல்யாணத்தில் படம் எடுப்பார்கள், ஷாலினி எப்படிச் சிரிப்பாளோ அப்படியே சிரிக்கச் சொல்லு. முடி எப்படி இருக்கிறதோ, நிறம் எப்படி இருக்கிறதோ, அப்படியே. அழகு சேர்க்கிற வேலையை யாரிடமும் கொடுக்காதே, மாமனிடமும் கொடுக்காதே, மெஷினிடமும் கொடுக்காதே. படத்தை எடுத்து எங்கே வேண்டுமானாலும் வை. கண்ணாடிக்கு அடியில் மட்டும் வைக்காதே.

டீப்பாயைக் கப்பலில் ஏற்றுகிற ஆட்கள் வியாழக்கிழமை வருகிறார்கள். கண்ணாடியை நானே கழுவித் துடைத்துவிட்டேன். ப்ளைவுட் பலகையைக் குளியலறைக் கதவுக்கு அடியில் ஒட்டு வைக்க எடுத்துக்கொண்டேன். ஷாலினியிடம் சொல்லு, அவள் கேட்டபடியே இருக்கிறது. உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கிறது, இதில் நான் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. கண்ணாடி வழியே மரச் சட்டங்கள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. சட்டங்களுக்கு நடுவே பார்த்தால் நம் வீட்டுத் தரை தெரிகிறது. பேச்சி இருந்த இடத்திலும் தரைதான் தெரிகிறது.

உன் மாமன்